கறுப்பா, கருநீலமா? நான்கு பவுண்டுக்கு வாங்கிய கல்லூரி ஸ்கார்ஃப்

லெஸ்டர்வாசி | சனி, மாலை 4:10

எங்கள் தெருமுனையில் உள்ள பழைய பொருள் கடையில் இன்று காலை ஒரு கம்பளி ஸ்கார்ஃப் வாங்கினேன். விலை நான்கு பவுண்டு. ஆறடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். பின்னலாடை இல்லை. கெட்டியான கம்பளித் துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, நீளவாக்கில் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். விரலை ஓட்டினால் தையல் வரப்புப் போலத் தட்டுப்படுகிறது. அடிநிறம் கறுப்பு. அதில் நெடுகிலும் இரண்டு ஒல்லியான வெளிர்நீலக் கோடுகள். முனையில் ஒரு துணிச்சீட்டு. பாதி கிழிந்துபோய் "...ஸ் பரேட்" என்ற எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தினுடையது என்று கடைக்கார அம்மாள் சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கல்லூரி என்று இங்கே யாராவது சொல்ல முடியுமா? என் மனைவி அந்தக் கோடுகள் நீலமே இல்லை, பச்சை என்கிறாள். அது தனி வழக்கு.

வடமராட்சியான் | சனி, மாலை 5:02

தம்பி, அந்தச் சீட்டு "கிங்ஸ் பரேட்" ஆகத்தான் இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரிக்கு எதிரே போகும் தெரு அது. ரைடர் அண்ட் ஏமிஸ் என்ற பழைய உடுப்புக் கடை அங்கேதான் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கார்ஃப். கறுப்பில் இரண்டு வெளிர்நீலக் கோடு என்றால் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரி. ஸ்டீபன் ஹாக்கிங் பல ஆண்டுகள் ஆய்வாளராக இருந்த இடம். நான்கு பவுண்டுக்கு நல்ல வேட்டை.

கோடு பச்சையாகத் தெரிகிறது என்று உங்கள் மனைவி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் நீலம் என்பது உண்மையில் பச்சை கலந்த நீலம். முதன்முறை பார்க்கும் எவரும் அதை நீலம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

துடுப்புக்காரன் | சனி, மாலை 5:40

அவசரப்பட்டுக் கீஸ் என்று முடிவு கட்டாதீர்கள். பெம்பிரோக் கல்லூரியின் ஸ்கார்ஃபும் அச்சு அசல் இதே அமைப்புதான். இரண்டு ஒல்லியான வெளிர்நீலக் கோடுகள், அதே இடைவெளி. ஒரே வேறுபாடு, அடிநிறம் கறுப்பில்லை, கருநீலம். பழைய கம்பளியில் கருநீலமும் கறுப்பும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நீங்கள் எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?

லெஸ்டர்வாசி | சனி, மாலை 5:55

சமையலறைக் குழல்விளக்கில். இங்கே இப்போது இருட்டிவிட்டது.

காஞ்சிநெசவு | சனி, மாலை 6:20

குழல்விளக்கில் நிறம் பார்க்கிறவரை எங்கள் ஊரில் கடைக்குள்ளேயே விடமாட்டார்கள். தியாகராய நகரிலும் சரி, காஞ்சிபுரத்திலும் சரி, புடவை எடுக்க வந்த பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்கு ஓடி வெயிலில் பிடித்துப் பார்ப்பதை நீங்கள் கண்டதில்லையா? கடைப்பையன் பின்னாலேயே ஓடுவான். உள்ளே கத்தரிப்பூ நிறமாக இருந்தது வெளியே வெங்காய நிறமாகிவிடும். காலையில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் சுத்தக் கறுப்பாக ஏதாவது ஒன்றை வையுங்கள், ஒரு புதுக் குடைத்துணியாவது. தனியாகப் பார்த்தால் கண் ஏமாறும்.

பொறுமைசாலி | சனி, இரவு 8:15

எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. படிக்கிற இடத்திற்கு எதற்கு நிறம்? பள்ளிச் சீருடை என்றால் புரிகிறது. பல்கலைக்கழகத்தில் வயது வந்தவர்கள் கழுத்தில் நிறத்தைச் சுற்றிக்கொண்டு திரிய என்ன தேவை வந்தது?

துடுப்புக்காரன் | சனி, இரவு 9:30

தேவை ஆற்றில் வந்தது. கரையில் நிற்பவனுக்கு எது யார் படகு என்று தெரிய வேண்டும் அல்லவா?

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் முதல் படகுப் போட்டி 1829-இல் ஹென்லியில் நடந்தது. ஆரம்பித்து வைத்தவர்கள் ஹாரோ பள்ளியில் ஒன்றாகப் படித்த இரண்டு நண்பர்கள். சார்ல்ஸ் வேர்ட்ஸ்வர்த் ஆக்ஸ்ஃபோர்டு போனார், சார்ல்ஸ் மெரிவேல் கேம்பிரிட்ஜ் போனார். அன்று ஆக்ஸ்ஃபோர்டு அணியில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்காரர்கள் அதிகம். அந்தக் கல்லூரியின் கருநீலத்தையே அணி முழுவதும் போட்டுக்கொண்டது. கேம்பிரிட்ஜ்காரர்கள் என்ன போட்டார்கள் தெரியுமா? வெள்ளைச் சட்டை, இடுப்பில் இளஞ்சிவப்புக் கச்சை. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த வெளிர்நீலம் அந்த முதல் போட்டியில் கிடையாது.

இரண்டாவது போட்டி 1836-இல் லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து பட்னி வரை. படகு புறப்படும் நேரத்தில் முனையில் கட்ட ஒரு நிறம் இல்லையே என்று யாரோ சொல்ல, ஒருவர் கடைக்கு ஓடி ஒரு துண்டு வெளிர்நீல ரிப்பன் வாங்கிவந்தார் என்பது படகுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. அது ஈட்டன் பள்ளியின் நீலம். அதைக் கட்டிக்கொண்டு ஜெயித்தார்கள். ஜெயித்த நிறத்தை யாராவது விடுவார்களா? அப்படியே ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் ஈட்டனிலிருந்து வேறுபடுத்திக் காட்ட, படகுக் கழகத்தின் படகுகளைப் பராமரித்த ஆல்ஃப் ட்வின் என்பவர்தான் அதைப் பச்சைப் பக்கம் தள்ளினார் என்பார்கள். லெஸ்டர்வாசியின் வீட்டு வழக்கில் தீர்ப்பு மனைவிக்கே சாதகம்.

ஆகவே பொறுமைசாலி, ஸ்கார்ஃப் கடைசியாக வந்த பிள்ளை. முதலில் கச்சை, ரிப்பன், அப்புறம் சட்டை, தொப்பிப் பட்டை, கழுத்துப்பட்டி. 1880-இல் ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸிடர் கல்லூரிப் படகோட்டிகள் வைக்கோல் தொப்பியைச் சுற்றியிருந்த ரிப்பனை உருவிக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். இன்று அலுவலகம் போகிறவர்கள் கட்டும் கோடுபோட்ட டைக்கு அதுவே முன்னோடி என்பது வழக்கம். பிளேசர் என்ற சொல்லும் ஆற்றங்கரையில் பிறந்ததுதான். கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் லேடி மார்கரெட் படகுக் கழகம் 1825-இல் தொடங்கியது. அவர்களுடைய கோட்டு தீப்பற்றி எரிகிற மாதிரிச் சிவப்பாக இருந்ததால் அந்தப் பெயர். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கருநீலத்தில் தைத்துக்கொண்டு அதையும் பிளேசர் என்கிறோம்.

பொறுமைசாலி | சனி, இரவு 10:05

ஆக, நூற்றாண்டுப் பாரம்பரியம் என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்வது கடைசி நிமிடத்தில் கடையில் கையில் அகப்பட்ட ரிப்பன்.

துடுப்புக்காரன் | சனி, இரவு 10:11

பாரம்பரியங்களில் பாதி அப்படிப்பட்டவைதான். மீதிப் பாதியை யாரும் விசாரிக்கவில்லை.

நொய்யல்கரை | ஞாயிறு, காலை 6:50

இரவே பார்த்தேன், சாயப்பட்டறைக் கணக்கு முடிக்க வேண்டியிருந்ததால் எழுத முடியவில்லை. எங்கள் தொழிலின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

இந்தக் கல்லூரி நிறங்களில் பல 19-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றவை. அந்த நூற்றாண்டின் நடுவில்தான் சாயத் தொழிலே தலைகீழாக மாறியது. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் கொய்னா மருந்து செய்யப் பார்த்து, கரித்தாரிலிருந்து தவறுதலாக ஊதாச் சாயம் கண்டுபிடித்தான். மூன்றே வருடத்தில் பிரான்சிலிருந்து இன்னொன்று வந்தது, பளீரென்ற சிவப்பு கலந்த ஊதா. 1859-இல் இத்தாலியில் மெஜெந்தா என்ற ஊரில் நடந்த போரின் பெயரை அதற்கு வைத்தார்கள். கேம்பிரிட்ஜின் டௌனிங் கல்லூரி நிறம் எதுவென்று பாருங்கள், அதே மெஜெந்தா. கூடவே கறுப்பு. அதுவரை அவுரியும் மஞ்சிட்டியும் காய்ச்சிக்கொண்டிருந்த உலகத்தில் அப்படிக் கண்ணைப் பறிக்கிற நிறத்தை ஒரு கல்லூரி தனதாக்கிக்கொள்வது, இன்று ஒளிரும் பச்சையில் சட்டை போடுவதற்குச் சமம். புதுச்சாயங்கள் வந்திராவிட்டால் இத்தனை கல்லூரிக்கு இத்தனை நிறம் பிரித்துக் கொடுத்திருக்க முடியாது என்பது என் கட்சி.

அமெரிக்காவின் ஹார்வர்டும் இதே மெஜெந்தாவில் கொஞ்ச காலம் மயங்கிக் கிடந்தது. 1858-இல் பாஸ்டன் படகுப் போட்டிக்கு இரண்டு படகோட்டிகள் அணிக்குச் சிவப்புக் கழுத்துத் துண்டுகள் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் ஒருவரான சார்ல்ஸ் எலியட் பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அணிகள் மெஜெந்தாவுக்குத் தாவின. 1873-இல் மாணவர்கள் தொடங்கிய பத்திரிகைக்குப் பெயரே 'மெஜெந்தா'. எங்கள் நிறம் மெஜெந்தாவா, கிரிம்சன் என்ற அடர்சிவப்பா என்று சண்டை முற்றி, 1875-இல் கிரிம்சன் ஜெயித்தது. பத்திரிகையும் பெயரை மாற்றிக்கொண்டது. நிர்வாகம் அதை முறைப்படி ஏற்க 1910 ஆனது. 35 வருடம்! எங்கள் ஏற்றுமதிக்காரர்கள் ஒரு நிறச்சீட்டுக்கு ஒப்புதல் தர மூன்று வாரம் இழுத்தடிக்கிறார்கள் என்று இனி புலம்பமாட்டேன்.

லெஸ்டர்வாசிக்கு ஒரு யோசனை. வெயிலை நம்ப வேண்டாம், தையலை நம்புங்கள். பட்டைகளைச் சேர்க்கும் இடத்தில் உள்பக்கம் துணி கொஞ்சம் மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் வெளிச்சமே பட்டிருக்காது. இரண்டு தையலை மட்டும் ஊசியால் தளர்த்தி விரித்துப் பாருங்கள். சாயம் போட்ட அன்று எந்த நிறமோ அது அப்படியே இருக்கும்.

காஞ்சிநெசவு | ஞாயிறு, காலை 7:30

பெரியவர் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல. நூறு சதவீதம் சரி.

மதராஸ்மூலை | ஞாயிறு, காலை 9:15

அமெரிக்கா பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. யேல் பல்கலைக்கழகத்தின் அடையாளம் நீலம். 1850-களிலேயே அவர்களுடைய படகோட்டிகள் நீலச் சட்டைதான் போட்டார்கள். ஆனாலும் கல்லூரிக்குப் பச்சைதான் நிறம் என்று பல காலம் பேச்சு. 1894-இல்தான் நீலம் அதிகாரபூர்வமானது.

அந்தப் பெயரின் சொந்தக்காரர் எலிஹு யேல் யார்? 1687 முதல் 1692 வரை நம் புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர். 1718-இல் அவர் அந்தக் கல்லூரிக்கு அனுப்பிய நன்கொடையில் 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்று, அவற்றோடு ஒன்பது பொதி சரக்கு. சரக்கு என்றால் பெரும்பாலும் துணி. அதை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது அப்படி. மதராஸில் துணி வாணிபம் செய்து கொழுத்த பணம். அடிமை வியாபாரத்திலும் அவருக்குக் கை இருந்தது. எனவே பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் இல்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயருக்கே துணிமூட்டைதான் விலை என்பதைத் துணியைப் பற்றிய இழையில் சொல்லாமல் எங்கே சொல்வது?

பொறுமைசாலி | ஞாயிறு, காலை 10:40

சரி, இப்போது என் உண்மையான கேள்விக்கு வருகிறேன். லெஸ்டர்வாசி அங்கே படித்தவர் இல்லை. நாளை அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனால் அது பொய் இல்லையா? வாங்காத பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவது போலத்தானே?

வடமராட்சியான் | ஞாயிறு, காலை 11:25

பட்டம் வேறு, ஸ்கார்ஃப் வேறு. கேம்பிரிட்ஜில் அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கே அடுக்கி வைத்து விற்கிறார்கள். எந்தக் காவலாளியும் தடுப்பதில்லை. ஆனால் சம்பாதித்தால்தான் போடலாம் என்ற நிறமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையிலான போட்டிகளில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர்களைத்தான் "ப்ளூ" என்பார்கள். அந்த நீல பிளேசரை மற்றவர் போட்டால் முகம் சுளிப்பார்கள். டர்ஹாமில் அதே மரியாதைக்கு "பாலடினேட்" என்று பெயர், அவர்களுடைய ஊதா நிறத்தின் பெயர் அது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் இன்னும் வேடிக்கை. அங்கே கண்ணைப் பறிப்பது சிவப்புக் கம்பளி அங்கி. முதலாண்டு மாணவன் தோள் நிறையப் போடுவான், இரண்டாம் ஆண்டில் கொஞ்சம் இறக்குவான், மூன்றாம் ஆண்டில் ஒரு தோளில் தொங்கும், அதுவும் கலைப் பிரிவுக்கு ஒரு தோள், அறிவியலுக்கு மறு தோள். நான்காம் ஆண்டில் முழங்கை வரை வழிந்துவிடும். அங்கியைப் பார்த்தே ஆள் எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம்.

சிவகாமி_ஈரோடு | ஞாயிறு, மதியம் 1:05

பொறுமைசாலி அண்ணா, யார் போடலாம் யார் போடக்கூடாது என்ற பேச்சு வந்ததும் எனக்கு என் தாத்தா ஞாபகம். துண்டைத் தோளில் போட்டதற்காக ஊர்ப் பெரியதனக்காரர்களிடம் திட்டு வாங்கியவர். அவர்கள் எதிரே வந்தால் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும் அல்லது கக்கத்தில் இடுக்க வேண்டும். ஒரு நாள் எடுக்கவில்லை. அதன்பிறகு கடைசிவரை துண்டில்லாமல் அவர் வாசல்படி தாண்டியதில்லை. துவைத்த துண்டு காயவில்லை என்றால் ஈரத்துண்டையே போட்டுக்கொண்டு போவார்.

நான்கு பவுண்டு கொடுத்து வாங்கிய துணி, வாங்கியவர் கழுத்துக்குத்தான்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, மதியம் 1:30

கட்சித் துண்டுகளின் நிறம் பற்றி வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தேர்தல் இழை தனியாக இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடுங்கள். இங்கே கம்பளி மட்டும்.

எண்கணிதன் | ஞாயிறு, மதியம் 2:45

கேம்பிரிட்ஜ், கம்பளி என்றதும் ராமானுஜன்தான். 1914-இல் டிரினிட்டி கல்லூரிக்குப் போனவர். கருநீலத்தில் சிவப்பும் மஞ்சளும் ஓடும் அந்தக் கல்லூரி ஸ்கார்ஃபை அவர் கழுத்தில் பார்த்ததாக எந்தப் படமும் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் குளிர் பற்றி ஒரு சம்பவம் உண்டு. அப்போது கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகாலனோபிஸ் ஒரு நாள் அவரிடம் ராத்திரி கதகதப்பாக இருக்கிறதா என்று கேட்டார். ஓவர்கோட்டைப் போட்டு, அதன்மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். மகாலனோபிஸ் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காக மடித்துச் செருகியபடியே இருக்கின்றன. அவற்றின் மேலே படுத்திருக்கிறார் மனிதர். கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதே டிரினிட்டிக்குத்தான் 1930-இல் விண்மீன் ஆய்வாளர் சந்திரசேகர் போனார். அதே கல்லூரியில்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஆய்வாளர். நம் ஆட்கள் எல்லாரும் ஒரே ஸ்கார்ஃபில் போய் விழுந்திருக்கிறார்கள்.

துடுப்புக்காரன் | ஞாயிறு, மாலை 3:20

சம்பவம் அருமை. நானும் முதல் மாதம் அப்படித்தான் படுத்திருந்தேன், யாரிடமும் சொன்னதில்லை.

நிறம் வைத்து அடையாளம் காண்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் போட்டுவிடுகிறேன். கறுப்பும் பொன்மஞ்சளும் கேம்பிரிட்ஜில் கிளேர் கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டில் பிரேஸ்நோஸ். சிவப்பும் கறுப்பும் கேம்பிரிட்ஜில் ஜீசஸ், ஆக்ஸ்ஃபோர்டில் சாமர்வில். நிறம் பாதி விடைதான் தரும். கோடுகளின் எண்ணிக்கை, அகலம், அவை நிற்கும் இடம், இத்தனையும் சேர்ந்தால்தான் முழு விலாசம். இன்னொன்று, குறுக்குக் கோடு போட்டுப் பின்னியது என்றால் பெரும்பாலும் கால்பந்து ரசிகருடையது. நெடுக்குக் கோடு போட்டுத் தைத்தது என்றால் கல்லூரி.

லெஸ்டர்வாசி | ஞாயிறு, மாலை 4:30

முடிவு வந்துவிட்டது.

காலையில் வானம் மூடிக்கிடந்தது. பதினோரு மணிக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் ஜன்னலோரம் புதுக் குடையை விரித்து அதன்மேல் ஸ்கார்ஃபைப் போட்டேன். அந்த நொடியில் சந்தேகம் எழுந்தது. குடை கறுப்பு. ஸ்கார்ஃப் அதற்குப் பக்கத்தில் வேறு ஏதோ. ஆனால் நீலம் என்று அடித்துச் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு நொய்யல்கரை ஐயா சொன்னபடி ஊசியால் இரண்டு தையலைத் தளர்த்தினேன். கைநடுக்கத்தில் மூன்றாகிவிட்டது. மடிப்பை விரித்தால் உள்ளே நகக்கண் அகலத்துக்கு ஒரு ஓரம். நல்ல, ஆழமான, சந்தேகமில்லாத நீலம். மசிப்புட்டியின் அடியில் தங்கும் நீலம். வெளிப்பக்கம்தான் எத்தனையோ வருட அழுக்கும் புகையும் ஏறிக் கறுத்திருக்கிறது. வெளிர்நீலக் கோட்டின் மடிப்பையும் பார்த்தேன். அது உள்ளேயும் பச்சைதான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே பெம்பிரோக். வடமராட்சியான் அண்ணன் மன்னிக்கவும்.

வடமராட்சியான் | ஞாயிறு, மாலை 4:52

மன்னிப்பு எதற்கு. கீஸ் என்று நான் சொன்னது உங்கள் வீட்டுக் குழல்விளக்கை நம்பி.

லெஸ்டர்வாசி | ஞாயிறு, மாலை 5:00

அந்த அழுக்கைத் துவைத்து எடுக்கலாமா? இயந்திரத்தில் போடலாமா?

நொய்யல்கரை | ஞாயிறு, மாலை 5:04

இயந்திரத்தில் போடவே போடாதீர்கள். வெந்நீரும் வேண்டாம். கம்பளி இழையில் மீன் செதிள் போன்ற அடுக்கு உண்டு. சூடும் அலசலும் சேர்ந்தால் செதிள்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டிப்படும், ஆறடி நாலடியாகும். பிறகு எந்த இஸ்திரியும் உதவாது.

பெரிய வாளியில் குளிர்ந்த தண்ணீர், தலைக்குப் போடும் ஷாம்பு இரண்டு சொட்டு. அமுக்கி அமுக்கி எடுங்கள், தேய்க்கவும் பிழியவும் கூடாது. முதலில் வெள்ளைத் துணியை நனைத்து ஓர் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். நீலம் கொட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிர்நீலக் கோட்டில் ஏறிவிடும்.

காஞ்சிநெசவு | ஞாயிறு, மாலை 5:15

சாயம் கொட்டுவதையே விலையாக்கிய கதையும் உண்டு. 1958-இல் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போன மதராஸ் கட்டம் போட்ட துணி, துவைத்ததும் சாயம் கொட்டியது. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு 'நிச்சயம் சாயம் போகும்' என்று விளம்பரம் செய்தே விற்றார்களாம். அங்கே கல்லூரி மாணவர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். நம் லெஸ்டர்வாசிக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம்.

லெஸ்டர்வாசி | திங்கள், இரவு 9:40

ஒற்றிப் பார்த்தேன், வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம்தான் வந்தது, நீலம் இல்லை. துணிந்து நனைத்தேன். முதல் வாளித் தண்ணீர் டீக்கடைக் கிளாஸ் கழுவிய தண்ணீர் போல ஆனது. இரண்டாவதும் அப்படியே. இப்போது குளியலறைத் தரையில் துண்டு விரித்து அதன்மேல் கிடத்தியிருக்கிறேன். ஈரத்தில் மறுபடி கறுப்பாகத் தெரிகிறது. இன்னொரு முறை அலச வேண்டுமா?

நொய்யல்கரை | திங்கள், இரவு 9:58

மூன்றாவது தண்ணீர் தெளிவாக வந்தால் போதும். வெயில் படாமல் நிழலிலேயே காயவிடுங்கள். தொங்கவிடாதீர்கள், நீண்டுவிடும். தளர்த்திய அந்த மூன்று தையலைக் காய்ந்த பிறகு போடுங்கள், ஈரத்தில் போட்டால் துணி இழுக்கும்.